படுத்தபடி பார்க்க ஒரு லேப்டாப்

தியான மடம், ஆனேக்கல் சாலை
3 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

இது கிறிஸ்துமஸ் கார்டு இல்லை. ஜூன் மாதத்தில் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இங்கே எல்லோரும் நலம். ஒரு பொருள் வாங்கும் விஷயமாக எழுதுகிறேன்.

மடத்துப் பழைய கம்ப்யூட்டர் மே மாத இடியில் போய்விட்டது. ஒரு குடும்பம் லேப்டாப் வாங்கித் தர முன்வந்திருக்கிறது. முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்ட வேண்டாம் என்று மதர் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் மூன்று கம்பெனிகளின் விவரத்தை அச்சடித்து அனுப்பியிருக்கிறார். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். திரையின் அளவு ஒன்று, நினைவகம் ஒன்று, எடைகூட ஏறக்குறைய ஒன்று. படத்தில் மூன்று திரையிலும் ஒரே நீலப் பூ. எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்கு மூன்று கம்பெனி? அவசியத்துக்காக மட்டும் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நீ மஸ்கட்டிலிருந்து திரும்பி பொம்மசந்திராவில் பர்ச்சேஸ் வேலையில் இருப்பதாக நம் பக்கத்து வீட்டு டோரதி ஆன்ட்டி சொன்னார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் உன் வேலை என்றும் சொன்னார்.

கடிதம் எழுத மனமில்லை என்றால் பரவாயில்லை. தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றில் டிக் போட்டுத் திருப்பி அனுப்பு, புரிந்துகொள்வேன்.

உன் தங்கை,
சகோதரி இம்மாகுலேட் (நிக்கோல்)


பொம்மனஹள்ளி
9 ஜூன் 2025

நிக்கோல்,

உன் புதுப் பெயர் எனக்கு எழுத வரவில்லை.

கடிதத்தைப் பிரித்தது தமயந்தி. என் மனைவி. கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. நீ அனுப்பிய கார்டுகளை எல்லாம் அவள்தான் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறாள். "கார்டுக்குப் பதில் போடல, சரி. இப்ப கேள்வி கேட்டிருக்காங்க. கேள்விக்குப் பதில் சொல்றதுல என்ன வந்துச்சு?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

டிக் போட முடியாது. தாளில் இருப்பது உள்ளே போடும் சரக்கு. அது பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே இடங்களிலிருந்துதான் வருகிறது. இந்த விலையில் விற்க வேண்டுமென்றால் எங்கேயாவது குறைத்தாக வேண்டும். தாளில் எழுதாத இடத்தில் குறைப்பார்கள். திரை, கீல், கீபோர்டு சாவிகள், விசிறி, மூடியின் பிளாஸ்டிக். ஒருவன் திரையில் குறைப்பான், இன்னொருவன் கீலில் குறைப்பான். அதுதான் மூன்று கம்பெனி.

எதில் குறைத்தால் உங்களுக்குத் தொந்தரவில்லை என்பது தெரியாமல் நான் எதையும் சொல்ல முடியாது. யார் உபயோகிக்கப் போகிறார்கள்? மேசையிலா, மடியிலா? அந்த அறையில் சன்னல் எந்தப் பக்கம்? அடிக்கடி தூக்கிப் போவீர்களா? கரண்ட் போனால் எவ்வளவு நேரத்தில் வரும்? எதுவும் எனக்குத் தெரியாது. உங்கள் இடத்தை நான் ஆனேக்கல் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். சுவரைத்தான் பார்த்தேன்.

இன்னொன்று. கம்பெனிப் பெயர்களை இனிமேல் எழுத மாட்டேன். ஆபீசிலும் முதல் சுற்றில் பெயரை மறைத்துத்தான் கொட்டேஷனைப் பார்ப்போம். பெயர் தெரிந்தால் விளம்பரம் ஞாபகத்துக்கு வரும், கண் சாய்ந்துவிடும்.

ஓஸ்வால்ட்


தியான மடம்
16 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

தமயந்தி என்ற பெயரை இரண்டு தடவை வாசித்தேன். உனக்குக் கல்யாணம் ஆனதை மட்டும் டோரதி ஆன்ட்டி சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. அண்ணிக்கு என் அன்பு.

உன் கேள்விகள் இருந்த பகுதியை மட்டும் மதர் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். விசிறி என்ற வார்த்தை வந்ததும் பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். லேப்டாப்புக்குள் விசிறி இருப்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும்.

உபயோகம் இரண்டு. பங்குக் கோவில்களுக்கு நாங்கள் பூசைக்கான அப்பம் சுட்டு அனுப்புகிறோம். அதற்கான ஆர்டர்கள் இமெயிலில் வரும். வாசலைக் கவனிக்கும் சகோதரி சுனிதா காலையில் கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பார். அதற்கு எந்த லேப்டாப்பும் போதும். மிச்ச நேரமெல்லாம் அது சகோதரி அனுன்சியாத்தாவுக்கு.

அவருக்கு எண்பத்தாறு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். பிப்ரவரியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து படுக்கைதான். நோயாளர் அறை என் பொறுப்பு. நாங்கள் நாள் முழுவதும் நேரம் பிரித்து, கோவிலில் கூடித் திருப்பாடல்களைச் சொல்வோம். அவர் அறை கோவிலை ஒட்டியது, நடுவில் ஒரு சன்னல். எங்களோடு சேர்ந்து அவரும் அங்கிருந்து சொல்வார். ஆனால் கண் மங்கிவிட்டதால் புத்தகம் தெரிவதில்லை. மனப்பாடமாக இருப்பது வரைக்கும் குரல் வரும், தெரியாத வரி வந்ததும் நின்றுவிடும். கோவிலில் நிற்கும் எனக்கு அந்தக் குரல் நிற்பது கேட்கும். அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் ஓடுவதில்லை.

அன்றன்றைய பாடலைப் பெரிய எழுத்தில் நான் டைப் செய்து வைத்தால் படுத்தபடி வாசிப்பார். ஒலியாகப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "அப்ப அது ஜெபிக்கும், நான் சும்மா கெடப்பேன்" என்றார். தெரிந்தவர் ஒருவர் டேப்லெட் கொடுத்துப் பார்த்தார். கை நடுக்கத்தில் நாலு பக்கம் தாண்டிப் போய்விடுகிறது. தட்டினால் ஒரே ஒரு பக்கம் நகரும் பெரிய சாவி வேண்டும். கட்டிலின் குறுக்கே போடும் சின்ன மேசை இருக்கிறது, அதில் வைப்போம். வெளிச்சம் வரும் சன்னல் அவருக்கு இடது பக்கம். கரண்ட் ஆனேக்கல் பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

இங்கே சத்தம் கிடையாது, அண்ணா. வேலை நேரத்தில்கூட அவசியமானதைத்தான் பேசுவோம். தாளில் எதிலும் ஒரு லேப்டாப் எவ்வளவு சத்தம் போடும் என்று எழுதவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நிக்கோல்


பொம்மனஹள்ளி
29 ஜூன் 2025

நிக்கோல்,

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டாய். எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் முடியாது. நேற்று சனிக்கிழமை அரை நாள் அங்கேதான் இருந்தேன். வெளியே ஆட்டோ, உள்ளே கடைக்குக் கடை ஸ்பீக்கரில் பாட்டு. லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்டாலும் பாட்டுதான் கேட்கிறது.

ஐந்தாவது கடை கிருஷ்ணப்பா என்பவருடையது. மூன்றும் அவரிடம் இருந்தன. சத்தமில்லாத இடம் இருக்கிறதா என்று கேட்டேன். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன் சார். கேம் ஓடுமான்னு கேப்பாங்க, டிஸ்கவுன்ட் கேப்பாங்க. சத்தம் கேக்குமான்னு யாரும் கேட்டதில்ல" என்றார். ஆனால் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பின்பக்கம் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய கோடவுனுக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு மூன்றையும் ஓடவிட்டு, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மூன்றின் நிறம் வெள்ளி, சாம்பல், கறுப்பு. சாம்பலை உடனே தள்ளிவிட்டேன். சாவிகள் பட்டாணி வறுப்பது போல் சத்தம் போடுகின்றன, மூடியும் பாதிக்குமேல் சாயவில்லை. கறுப்பில் விசிறியே இல்லை. ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் மெதுவான மெஷின், ஆனால் உங்கள் வேலைக்குப் போதும். வெள்ளியில் விசிறி இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடியதும் லேசாக 'உஸ்' என்று ஆரம்பிக்கிறது.

கறுப்பு என்று முடிவு செய்து வெளியே வரப் பார்த்தேன். அப்போதுதான் படுத்தபடி என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துவிட்டு, ஒரு அட்டையைத் தரையில் விரித்துப் படுத்துப் பார்த்தேன். பில் போடப் போயிருந்த கிருஷ்ணப்பா திரும்பி வந்தவர், "ஏனாயித்து சார், என்ன ஆச்சு" என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார், மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

படுத்துப் பார்த்தால் கறுப்பில் எழுத்தே இல்லை. நேராக உட்கார்ந்தால் பளிச்சென்று இருக்கிற திரை, கீழேயிருந்து பார்க்கும்போது இருண்டு, வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு சாம்பலாகவும் மாறிவிடுகிறது. அதில் திரையில்தான் குறைத்திருக்கிறார்கள். வெள்ளி எந்தக் கோணத்திலும் அப்படியே நிற்கிறது, மூடியும் நன்றாகச் சாய்கிறது.

ஆக, சத்தமில்லாதது தெரியாது, தெரிவது சத்தம் போடும். இந்த விலையில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கிருஷ்ணப்பாவும் நானும் அவர் கடை முழுக்கத் தேடிவிட்டோம். எது முக்கியம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அட்டையில் படுத்திருந்தபோது அம்மா ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் மஸ்கட்டிலிருந்து தினமும் வீடியோ காலில் அம்மாவைப் பார்த்தேன். படுத்தபடி மேலே பார்த்துப் பேசுவாள். அவள் முகத்துக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நீ. அந்த இரண்டு வருஷத்தில் உன் முகத்தை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஓஸ்வால்ட்


தியான மடம்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

நீ கோடவுனில் படுத்த இடத்தை வாசிக்கும்போது மதரால் தொடர முடியவில்லை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கிருஷ்ணப்பாவுக்காக அன்று மாலை ஜெபித்தோம், அவரிடம் சொல்.

சத்தமா, எழுத்தா என்பதில் இங்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கோவிலை ஒட்டிய அறையில் மெஷின் சத்தம் கூடாது என்று சிலர் சொன்னார்கள். வெள்ளியை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்து வைக்கலாம் என்றார் ஒருவர். பேசிப் பேசி, கடைசியில்தான் யாருமே சகோதரி அனுன்சியாத்தாவிடம் கேட்கவில்லை என்பது உறைத்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நோயாளர் அறையைப் பார்ப்பவள் நான்தானே.

கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன். விசிறிச் சத்தம் எப்படி இருக்கும் என்றார். நீ எழுதிய மாதிரியே வாயால் ஊதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்கள்லாம் கோவிலுக்குப் போயிட்டா இந்த ரூம்ல நான் ஒருத்திதான். யாரோ பக்கத்துல உக்காந்து மூச்சு விடற மாதிரி இருக்கும். அதையே வாங்கு" என்றார்.

வெள்ளிதான், அண்ணா. மதரும் சரி என்றுவிட்டார்.

போன் பற்றி எழுதியிருந்தாய். கை வலிக்கும். இடது கைக்கு மாற்றுவேன். அப்போது நீ "ஏன் படம் ஆடுது, நெட் சரியில்லையா?" என்று கேட்பாய். நெட் சரியில்லை என்று நானும் சொல்லிவிடுவேன்.

நிக்கோல்


பொம்மனஹள்ளி
13 ஜூலை 2025

நிக்கோல்,

வெள்ளி வந்துவிட்டது. பணத்தை அந்தக் குடும்பத்தார் நேராகக் கிருஷ்ணப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாக எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. தமிழ் டைப்பிங் போட்டுவிட்டேன். பெரிய சாவியைத் தட்டினால் ஒரு பக்கம் நகரும், பிடித்தபடி அழுத்தினாலும் ஒன்றுதான் நகரும்படி செய்திருக்கிறேன். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

எந்த எழுத்து கண்ணுக்கு நல்லது என்று பார்க்க ஒரு திருப்பாடலைத் தமயந்தி டைப் செய்தாள். நான் சோபாவில் படுத்துக்கொண்டு ஐந்து விதமான எழுத்தில் வாசித்தேன். ஐந்தாவது தடவை வாசிக்கும்போதுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன. "ரொம்பப் புலம்பலா இருக்கே, இதையா தினம் சொல்றாங்க?" என்று கேட்டாள். சின்ன வயதில் கோவிலில் கேட்டதுதான் என்றேன்.

சன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அம்மா போன மூன்றாவது மாதம் நீ உள்ளே போய்விட்டாய். எனக்கு வந்தது ஒரு வரி மெசேஜ். நான் ஊருக்கு வந்தபோது வீட்டுச் சாவி டோரதி ஆன்ட்டியிடம் இருந்தது. என்மேல் இருந்த கோபத்தில்தான் போனாயா? உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே இருந்தேன் என்பதால்? ஆமாம் என்று நீ எழுதிவிடுவாயோ என்றுதான் ஒரு கார்டுக்கும் பதில் போடவில்லை. இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுது.

லேப்டாப்பை எங்கே கொடுக்க வேண்டும்? வாசலிலா?

ஓஸ்வால்ட்


தியான மடம்
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

கோபம் இருந்தது. முதல் வருஷம் பாத்திரம் கழுவும்போதெல்லாம் உன்னோடு மனதுக்குள் சண்டை போடுவேன். நீ சொல்லும் பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் கோபத்தோடு வந்தவர்களால் இங்கே ரொம்ப நாள் இருக்க முடியாது. என் கண்ணெதிரே இரண்டு பேர் அப்படித் திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வெளியே நன்றாக இருக்கிறார்கள்.

நான் வந்ததற்குக் காரணம் வேறு. சொன்னால் நீ நம்புவாயா என்று தெரியவில்லை. மத்தியானம் அம்மா தூங்கிவிடுவாள். வேலை முடிந்து நான் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். களைப்பாக இருக்கும், அழுகையாகக்கூட இருக்கும். ஆனால் சில நாள், திடீரென்று, எதுவுமே வேண்டாம் போல ஆகிவிடும். சோகம் இல்லை. நிறைவாக இருக்கும். யாரோ கூட இருக்கிற மாதிரி. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா போன பிறகும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், வந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். உன்னிடம் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வாய் என்று பயந்து ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். இன்னும் முழுக்கத் தெரியவில்லை. அதனால் இங்கேயே இருக்கிறேன்.

இப்போது வேலை விஷயம். குடும்பத்தார் வந்தால் பேச்சறையில், கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பேசலாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. ஆனால் டாக்டரும் எலக்ட்ரீஷியனும் உள்ளே வரலாம். லேப்டாப் பொருத்துபவர் யாரில் சேர்த்தி என்று கேட்டேன். மதர் யோசித்துவிட்டு, "எலக்ட்ரீஷியன்ல சேத்துக்கோ" என்றார். 26, சனிக்கிழமை காலை பத்து மணி. யாராவது ஆண்கள் உள்ளே வந்தால் ஒரு சகோதரி மணி அடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். நடைபாதையில் பேசக் கூடாது. கோபித்துக்கொள்ளாதே.

நிக்கோல்


பொம்மனஹள்ளி
27 ஜூலை 2025

நிக்கோல்,

மணி அடித்துக்கொண்டு வருவது நீயாக இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. கதவு திறந்ததும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாய். அந்த நீள நடையில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ இன்னும் இடது காலைக் கொஞ்சம் வெளியே வைத்துத்தான் நடக்கிறாய்.

அறைக்குள் வந்த பிறகும் உன்னை நிமிர்ந்து பார்க்காமல் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சகோதரி அனுன்சியாத்தாதான் காப்பாற்றினார். "இவன்தான் ஒங்கண்ணனா? மூக்கு ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "தள்ளி நில்லுப்பா, உன் நெழலு விழுது" என்றார். ஆபீசில் டைரக்டர்கூட என்னை இப்படி விரட்டியதில்லை.

எழுத்தைப் பெரிதாக்கும் சாவியைக் காட்டுகிறேன் என்று நான் வேறு எதையோ அழுத்திவிட்டேன். அந்த மெஷின் ஒரு ஆண் குரலில், உச்சஸ்தாயியில், திரையில் இருப்பதையெல்லாம் இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியாமல் நான் தடவிக்கொண்டிருந்தேன். கோவிலில் யாரோ புத்தகத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. மூடியைச் சாத்தினேன், மூடிக்குள்ளிருந்தும் பேசியது. அப்போது நீ சிரித்தாய். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். சகோதரி அனுன்சியாத்தாவும் கட்டில் ஆடச் சிரித்தார். கடைசியில் நானும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உன் கடிதத்தில் நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. நாற்காலி, எதுவும் வேண்டாத நேரம், எதுவும் புரியவில்லை. தமயந்தியிடம் படித்துக் காட்டினேன், அவளுக்குக் கொஞ்சம் புரிகிறதாம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு, நீ தப்பித்து ஓடிப்போய் அங்கே இருக்கிறாய் என்று இனிமேல் என்னால் நினைக்க முடியாது. இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் நன்றாக ஓடுகிறதா?

அண்ணன்


தியான மடம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு சிக்கல். சகோதரி அனுன்சியாத்தாவுக்கு இப்போது எல்லா வரியும் தெரிகிறது, அதனால் எங்களுக்காகக் காத்திருப்பதில்லை. நாங்கள் கோவிலில் மூன்றாவது வரியில் இருக்கும்போது அவர் குரல் சன்னல் வழியாக ஏழாவது வரியில் கேட்கிறது. நேற்று மாலை நாங்கள் பாதியில் இருக்கும்போதே அவர் "ஆமென்" சொல்லிவிட்டார். மதர் நிறுத்தி, எங்களைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லச் சொன்னார்.

பெரிய சாவி மெதுவாக நகரும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று இரண்டு பேர் உன்னிடம் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கமாட்டேன் என்றுவிட்டேன்.

உனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான். வேறு யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை என்பதால் நானும் அதை வார்த்தையில் சொல்லிப் பார்த்ததில்லை. மறுபடி கேள். கேட்டால் கொஞ்சம் தெளிவாகிறது.

நிக்கோல்


பொம்மனஹள்ளி
7 ஆகஸ்ட் 2025

நிக்கோல்,

வருகிற ஞாயிறு பத்தாம் தேதி. இரண்டாவது ஞாயிறுதானே, காலண்டரில் பார்த்துவிட்டேன். நானும் தமயந்தியும் வருகிறோம். கிராதிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்கிறோம். அவளிடம் ஒரு பக்கம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன, என்னிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

ரிப்பேர் எதுவும் இல்லை. சும்மாதான் வருகிறோம்.

அண்ணன்